பதக்கத்துக்கு அப்புறம் உடம்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊக்கமருந்து பற்றிய செய்திகள் எல்லாம் தடை எத்தனை ஆண்டு, பதக்கம் இனி யாருக்கு என்பதோடு முடிந்துவிடுகின்றன. அப்புறம் அந்த உடம்பு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

கிழக்கு ஜெர்மனியையே பாருங்களேன். 1974 முதல் அரசே திட்டம் போட்டு, பதின்வயது வீராங்கனைகளுக்குக்கூட ஓரல் டூரினாபோல் என்ற நீல மாத்திரையைக் கொடுத்தது. அது ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்து தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு. பலரிடம் சொன்னது 'வைட்டமின்' என்று! குரல் தடித்தது, முகத்தில் முடி முளைத்தது. மாத்திரையை நிறுத்தியும் பழைய குரல் திரும்பவில்லை. கல்லீரல் பாதிப்பு, இதயக் கோளாறு, மகப்பேற்றுச் சிக்கல், மனச்சோர்வு என்று பலருக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. 2000இல் பெர்லின் நீதிமன்றம், விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டைக் குற்றவாளி என்றது. கிடைத்ததோ 22 மாத சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

தெரிந்தே போட்டுக்கொண்டவர்களும் உண்டு. சரி, அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் ஸ்டீராய்டை நிறுத்திய ஆணின் உடல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை மறுபடி சொந்தமாகச் சுரக்க மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட ஆகும். அந்தச் சோர்வை மருத்துவரிடம் சொன்னால் பழைய குட்டு உடைந்துவிடுமே என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீரர்களின் சிறுநீர், ரத்த மாதிரிகளை 10 ஆண்டுகள்வரை பாதுகாத்து மறுபடி சோதிக்க முடிகிறது. ஓய்வுபெற்றவர்களின் இதயத்தையும் கல்லீரலையும் அதே 10 ஆண்டுகளுக்கு, பெயர் வெளிவராமல், விளையாட்டுச் சங்கங்கள் தம் செலவில் பரிசோதித்தால் என்ன?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்