ஈரத்தில்தான் காயும், பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போன வாரம் ஃபோனில் நீங்கள் அலுத்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஐப்பசி வந்தாலே என் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. நாலு நாளாக வெயில் இல்லை, பலகையில் வைத்த மாவு காயவே மாட்டேன் என்கிறது" என்றீர்கள். அதே ஐப்பசியில், நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருந்த ஓர் ஊரில் ஒரு நாள் தனியாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். பார்த்த ஒவ்வொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உங்களிடம் தஞ்சாவூர் ஓவியம் கற்க வரும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஊரின் பெயர் கனசாவா. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் இரண்டரை மணி நேரம். ஜப்பானின் மேற்குக் கரையில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று, வெதுவெதுப்பான அந்தக் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, இந்த ஊர்மேலும் பின்னால் உள்ள மலைகள்மேலும் கொட்டிவிடுகிறது. "சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று இங்கே ஒரு பழமொழியே உண்டு. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்குமேல் பெரிய கண்ணாடிக் கூரை. வந்து இறங்குபவருக்குக் குடை பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டியதாம். அதன் வாசலில் இரண்டு மரத் தூண்கள், நம் உடுக்கையைப் போல இடை சிறுத்து நிற்கின்றன. நோ என்ற பழைய ஜப்பானிய நாடகத்தில் வாசிக்கும் ட்சுட்சுமி என்ற பறையின் வடிவம் அது. நான் அங்கேயே ஐந்து நிமிடம் நின்றேன். தெரிந்தவர் யாருமே இல்லாத ஊரில், முதலில் எதிர்ப்பட்டது ஒரு குடை.

காலைச் சாப்பாடு ஓமிச்சோ சந்தையில். 1721-இல் தொடங்கிய சந்தை, இன்று 170 கடை அளவுக்கு இருக்கும். நான் போனது நல்ல நேரம். நவம்பர் 6-ஆம் தேதிதான் அங்கே நண்டுப் பருவம் திறக்கும், நான் போனது அதற்கு மறுநாள். ஆண் நண்டு பெரியது, விலையும் பெரியது. உள்ளூர்க்காரர்கள் தேடி வாங்குவது கோபாகோ என்கிற சின்னப் பெண் நண்டை. ஓட்டுக்குள் ஒரு சினை, வயிற்றுக்கு வெளியே ஒரு சினை என்று இரண்டு சினை அதற்கு. உள்சினை ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக, வெளிச்சினை பல்லில் பட்டால் நறநறக்கும். டிசம்பர் கடைசிக்குள் அதைப் பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள், அடுத்த ஆண்டுக்கும் நண்டு வேண்டுமே. மிளகாயும் புளியும் இல்லாமல் நண்டு இவ்வளவு ருசிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, பெரியம்மா.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே இடி முழங்கியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 40 நாளுக்கும் மேல் இடி இடிக்கும் ஊர் இது, ஜப்பானிலேயே அதிகம். இந்தப் பருவத்து இடிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: புரி ஒகோஷி, அதாவது புரி மீனை எழுப்புவது. இடி கேட்டால் கொழுத்த புரி மீன் கரைப்பக்கம் வந்துவிட்டது என்று கணக்கு. மழையை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் வானத்துச் சத்தத்துக்கு ஏதாவது ஓர் அர்த்தம் இருக்கும்போல.

அப்புறம் கென்ரோகுஎன் தோட்டம். ஜப்பானின் மூன்று பெரிய தோட்டங்களில் ஒன்று என்பார்கள். காகா நாட்டை ஆண்ட மயேதா குடும்பத்தார் 1676 முதல் இருநூறு ஆண்டு அளவுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து உண்டாக்கியது. 1874-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெயருக்கு "ஆறும் சேர்ந்த தோட்டம்" என்று பொருள். விசாலம், தனிமை, மனிதக் கைவேலை, பழமை, நீர், தூரத்துக் காட்சி ஆகிய ஆறும் ஓரிடத்தில் அமையாது என்று ஒரு பழைய சீன நூல் சொல்கிறதாம். விசாலமாக இருந்தால் தனிமை இருக்காது, கைவேலை கூடினால் பழமை போய்விடும், நீர் இருக்கும் பள்ளத்திலிருந்து தூரத்துக் காட்சி தெரியாது. இங்கே ஆறும் இருக்கிறது என்பதால் அந்தப் பெயர்.

நீர் எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தோட்டம் இருப்பது மேட்டில். 1631-இல் ஊரில் பெருந்தீ பிடித்துக் கோட்டையும் எரிந்தது. மறு ஆண்டே இதாயா ஹெய்ஷிரோ என்பவர் சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, குகை குடைந்து, தண்ணீரைக் கொண்டுவந்தார். இந்த மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கி, எதிரே உள்ள கோட்டைக்குள் தண்ணீர் தானாக ஏறும்படி குழாய் பதித்தார். ஏற்றம் இல்லை, ஆள் இல்லை, நீரின் சொந்த எடைதான். தோட்டத்தில் ஒரு நீரூற்றும் உண்டு. மேலே உள்ள குளத்து மட்டம் கொடுக்கும் அழுத்தத்தில் மூன்றரை மீட்டர் உயரம் எழும்புகிறது. ஜப்பானின் மிகப் பழைய நீரூற்று அது என்கிறார்கள்.

அந்த மேல்குளத்தின் கரையில்தான் எல்லோரும் படம் எடுக்கும் கல்விளக்கு. இரண்டே கால். ஒரு கால் நீரில், இன்னொன்று குட்டையாகக் கரைக்கல்லின்மேல். கோட்டோ என்ற நரம்பு வாத்தியத்தில், நம் வீணையின் குதிரை மாதிரி, தந்திகளைத் தாங்கும் கட்டை உண்டு. விளக்கு அந்த வடிவம் என்பதால் கோட்டோஜி என்று பெயர். அழகுதான், ஆனால் நான் ஒரு மணி நேரம் நின்றது அங்கே இல்லை. பக்கத்துப் பைன் மரத்தடியில்.

கராசாகி பைன் என்று அதற்குப் பெயர். பிவா ஏரிக்கரையில் உள்ள கராசாகியிலிருந்து விதை கொண்டுவந்து, 13-ஆம் மயேதா பிரபு வளர்த்தது. கிளைகள் குளத்தின்மேல் படுத்தாற்போல் நீண்டிருக்கின்றன. இங்கே விழும் பனி பொடிப்பனி இல்லை, நீர் ஊறிய கனமான பனி. கிளைமேல் ஒட்டிக்கொண்டு முறித்துவிடும். அதனால் ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று தோட்டக்காரர்கள் முதலில் இந்த மரத்துக்குத்தான் கயிறு கட்டுகிறார்கள். யுகிட்சுரி, பனித் தூக்கு என்று சொல்லலாம். மரத்தைவிட உயரமாக ஐந்து கம்பங்கள் நட்டு, அவற்றின் உச்சியிலிருந்து சுமார் 800 வைக்கோல் கயிறுகளை இறக்கி, ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகத் தாங்கிக் கட்டுகிறார்கள். காய்ப்பு அதிகமான ஆப்பிள் மரத்துக் கிளைகளுக்குக் கயிறு கட்டித் தாங்கிய வழக்கத்திலிருந்து வந்த முறையாம், அதனால் ஆப்பிள் தூக்கு என்றும் சொல்கிறார்கள்.

நான் போனபோது கராசாகி மரம் கட்டி முடித்திருந்தது, வேறு மரங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் கம்பத்தின் உச்சியில், கீழே நால்வர். மேலிருந்து கயிறு பறந்து வருகிறது, கீழே நிற்பவர் பிடித்து, கிளையில் எந்த இடத்தில் கட்டுவது என்று ஒரு நொடி பார்க்கிறார். அந்த ஒரு நொடியைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பலகையில் எங்கே கல் பதிப்பது என்று நீங்கள் பார்ப்பீர்களே, அதே பார்வை. பனி விழ இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. விழாமலும் போகலாம். ஆனாலும் கட்டுகிறார்கள். நனைந்த கயிறுகள் கூம்புக்கூரை போல இறங்கி நிற்கும் அழகு இருக்கிறதே, அழகுக்காகச் செய்த எதிலும் அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை.

சற்றுத் தள்ளி, தலையில் துணி கட்டிய பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாசிக்கு நடுவே முளைத்த புல்லை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஈரம் இல்லாவிட்டால் அந்தப் பாசி ஏது! தோட்டத்துக்குள்ளேயே ஷிகுரே தேநீர் வீடு இருக்கிறது. ஷிகுரே என்றால் இந்தப் பருவத்தில் விட்டுவிட்டுப் பெய்யும் தூறல். தூறலின் பெயர் வைத்த வீட்டில் பாயில் உட்கார்ந்து, தூறலைப் பார்த்துக்கொண்டு, பச்சைத் தேநீரும் ஓர் இனிப்பும். கூட ஆள் இல்லையே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் உங்களுக்கான பகுதி.

தோட்டத்தை ஒட்டியே இஷிகாவா மாகாணக் கைவினை அருங்காட்சியகம். 36 கைத்தொழில்களை வைத்திருக்கிறார்கள். அதில் வாஜிமா ஊரின் உருஷிப் பூச்சுப் பாத்திரங்களை நிலை நிலையாகக் காட்டியிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு உங்கள் முற்றம்தான் ஞாபகம் வந்தது. மரக் கிண்ணத்தில் உடையக்கூடிய இடங்களில் துணி ஒட்டுகிறார்கள். அதன்மேல் சுட்ட மண்ணை நன்றாகப் பொடித்து உருஷிப் பாலில் குழைத்துப் பூசுகிறார்கள், தேய்க்கிறார்கள், மறுபடி பூசுகிறார்கள். நூறு படிக்கும் மேல். நீங்கள் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்துப் பூசித் தேய்ப்பீர்களே, ஏறக்குறைய அதேதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். உருஷி என்பது ஒரு மரத்தின் பால். அது வெயிலில் காயாது. காற்றில் ஈரம் நிறைய இருந்தால்தான் இறுகும். அதற்காகப் பாத்திரங்களை ஈரம் தெளித்த மரப்பெட்டிக்குள் அடைத்துவைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஃபுரோ, குளியல் தொட்டிக்கும் அதே சொல். நீங்கள் எந்த ஈரத்தை நொந்துகொள்கிறீர்களோ அதே ஈரத்தை இங்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பெரியம்மா.

அந்த வாஜிமா, நோட்டோ தீபகற்பத்தில் இருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று 7.6 அளவில் நிலநடுக்கம் வந்து, காலைச்சந்தைத் தெருவே எரிந்துபோனது, பட்டறைகள் பல இடிந்தன. திரும்பும்போது ஒரு கடையில் வாஜிமா சாப்பாட்டுக் குச்சிகள் ஒரு ஜோடி வாங்கினேன். ஜப்பான் வருபவர்கள் வேறு எதை வாங்காவிட்டாலும் அந்த ஊர்ப் பொருளில் ஒன்றை வாங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் தங்க ரேக்கு, நீங்கள் படத்தில் ஒட்டுவீர்களே, அந்தத் தங்க இதழ். ஜப்பானில் செய்யும் ரேக்கில் கிட்டத்தட்ட எல்லாமே, நூற்றுக்கு 98 பங்குக்கும் மேல், இந்த ஒரே ஊரில் செய்கிறார்கள். மயேதா தொஷியே 1593-இல் போர்முகாமிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்திலேயே ரேக்கு செய்யச் சொல்லியிருக்கிறார். ஏன் இந்த ஊர் என்று கேட்டால் இங்கேயும் பதில் ஈரம்தான். உலர்ந்த காற்றில் மின்னேற்றம் உண்டாகி, மெல்லிய ரேக்கு கண்ட இடத்தில் ஒட்டிக் கிழிந்துவிடும். ஈரக்காற்றில் அந்தத் தொல்லை குறைவு.

எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சைநீலமாக மறுபக்கம் தெரிகிறது. நீங்கள் கத்தரியால் வெட்டும் ரேக்கு இதன்முன் தகடு. தங்கத்தைத் தாளுக்கு நடுவே வைத்து அடிக்கிறார்கள், அந்தத் தாளைத் தயார் செய்வதே பாதி வேலை. வைக்கோல் சாம்பல் கரைசல், தக்காளி போலிருக்கும் காகி என்ற பழத்தின் துவர்ப்பு, முட்டை எல்லாம் சேர்த்து ஊறவைத்து, அடித்து, மறுபடி ஊறவைத்து மாதக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். அடித்து அடித்துத் தேய்ந்த தாளையும் வீணாக்குவதில்லை. முகத்து எண்ணெயை ஒற்றி எடுக்க அதைவிட நல்ல தாள் கிடையாது என்று தேநீர் வீடுகளில் ஆடிப் பாடும் கெய்ஷாப் பெண்கள் விரும்பி வாங்குவார்களாம். 2020-இல் இந்த ரேக்கு முறை, ஜப்பானிய மரக்கட்டடக் கலைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஹிகாஷி சாயா என்ற பழைய தேநீர் வீட்டுத் தெருவில், ரேக்கு ஒட்டிப் பார்க்க ஒரு பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ரேக்கைக் கையால் தொடக் கூடாது, மூங்கில் இடுக்கிதான். சுருங்கினால், நடுவில் மெல்ல ஊத வேண்டும், தானாக விரிந்துவிடும். சொல்லிக்கொடுத்த அம்மா ஊதியதும் தண்ணீர் பரவுவதுபோல் சதுரம் விரிந்தது. நான் ஊதியதில் முதல் தாள் கிழிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல், இன்னொன்றை எடுத்து வைத்து, தன் வயிற்றில் கைவைத்துக் காட்டினார். மூச்சு அங்கிருந்து வர வேண்டும் என்று. இரண்டாவது விரிந்தது. ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்லி நீங்கள் எங்களை விரட்டுவது நினைவு வந்து, பையிலிருந்து உங்கள் படத்தைக் காட்டினேன், நீங்கள் செய்த தவழும் கிருஷ்ணனை. நெடுநேரம் பார்த்துவிட்டு, மேடாக இருக்கும் அந்த நகையின்மேல் ரேக்கு கிழியாமல் எப்படிப் படிந்தது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரவு ஜிபுனி சாப்பிட்டேன். மாவில் புரட்டிய வாத்துக்கறியைக் கெட்டிக் குழம்பில் கொதிக்கவைத்தது. குளிருக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

பத்து ரேக்கு அடங்கிய ஒரு சின்னக் கட்டு உங்களுக்காக வாங்கியிருக்கிறேன். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. தை மாதம் வருவேன். அதற்குள் சின்னப் பலகை ஒன்றில் துணி ஒட்டி, மாவு பூசித் தேய்த்து வையுங்கள். அந்த அம்மாவுக்குப் பதில் எழுத வேண்டும், நீங்கள் செய்ய நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்