கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் ஒழுங்கையில் என் மகனின் கணுக்காலைக் கடித்த நாய் மூன்றாம் நாள் இறந்தது. அதன் தலையைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதித்தபோது விசர்நோய் உறுதியாயிற்று. அவன் இன்று நலமாகப் பாடசாலைக்குப் போகிறான் என்றால், முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கே உரியது. நாங்கள் மஞ்சள் பூசலாமா என்று பதறி நின்ற வேளையில், அவர் அவனைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் காயத்தைக் கழுவினார். அந்த வைரஸின் கொழுப்பு உறையைச் சவர்க்காரம் சிதைத்துவிடும் என்பதைப் பின்னரே அறிந்தேன். கிருமி நரம்பு வழியே மூளையை அடையுமுன் தடுப்பூசிகளைத் தவணை தவறாமல் போட்டுவிட்ட தாதியரையும் மறவேன்.

மனிதருக்கு வரும் விசர்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களாலேயே வருகிறது என்றும், ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் அது பரவ வழியின்றிப் போகும் என்றும் விளக்கிய மிருக வைத்தியர், தமது ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எங்களுக்குத் தந்தார். எங்கள் 23 நாய்களில் வீட்டு நாய்கள் ஒன்பதுக்கும் ஊசி போடுவது எளிதாக இருந்தது. தெரு நாய்களோ வலையைக் கண்டதும் ஓடின. அப்போது, இரவுதோறும் அவற்றுக்கு மீன் தலை போடும் மீன்கார அம்மா வாசற்படியில் அமர்ந்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்தார். அவை அவர் மடியில் முகம் புதைத்திருக்க, வைத்தியர் பின்னாலிருந்து ஊசி போட்டார். இவ்வாறு பத்து நாய்களுக்குப் போட்டோம். அம்மா இல்லாவிட்டால் பாதியைக்கூட எட்டியிருக்க மாட்டோம் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது என்பதால், குப்பிகள் ஐஸில் நேரே படாதபடி துணி சுற்றி, பெட்டியை மதில் நிழலிலேயே நாள் முழுதும் காத்த ஆட்டோ ஓட்டுநர் தம்பிக்கும், ஊசி போட்ட நாய்களுக்குச் சிவப்பு நாடா கட்டிய பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளுக்கு ஊசி வேண்டாம் என்று சிலர் தடுத்தனர். அவற்றையும் விடக்கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை என வைத்தியர் பொறுமையாக எடுத்துரைத்தார். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள் முதல் ஊசியின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், அந்த ஐந்து குட்டிகளுக்கும் மறு ஊசி போட மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மீன் தலைகளுக்கு அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்.

நன்றியுடன்,
கடிபட்ட சிறுவனின் தாய்