கூடையை இறக்கி வைத்த அம்மாவுக்கு

பிள்ளைகள் குறைந்து மூடும் நிலைக்கு வந்த எங்கள் தெருப் பள்ளி இனி மூடப்படாது என்ற செய்தி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நடந்ததெல்லாம் புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருக்காரர்கள் அனைவரும் அறிந்ததே. பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

மனுவில் கையெழுத்திட்ட பெற்றோர், விடுமுறையிலும் பதிவேடுகளைத் தேடித் தந்த தலைமையாசிரியை, கூலி வாங்காமல் கூரையைப் பூசித் தந்த கொத்தனார், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை எங்களுக்குப் புரிய வைத்த வழக்கறிஞர் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது. ஆயினும் நான் அதிகம் சொல்ல வேண்டியது, தெருவில் காலைதோறும் மீன் விற்கும் அம்மாவைப் பற்றித்தான்.

பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே வருகிறது: 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 பேர் வரை 25,000 ரூபாய். வாடகை வீடுகள் விடுதிகளாக மாறிய பிறகு குடும்பங்கள் வில்லியனூருக்கும் அரியாங்குப்பத்துக்கும் குடிபெயர்ந்தன. பிள்ளைகள் குறைய மானியம் குறைந்தது, மானியம் குறையச் சுவர் விரிசல் விட்டது, விரிசலைப் பார்த்து மிச்சமிருந்தவர்களும் அஞ்சினார்கள். மனையின் விலை ஏற ஏற, அதே தெருவில் பள்ளி ஏழையாகிக்கொண்டே போனது.

போன குடும்பங்களின் பெயர்கள் இருந்தும் முகவரி தெரியாமல் பள்ளித் திண்ணையில் நாங்கள் திகைத்திருந்தபோது, அந்த அம்மா கூடையை இறக்கி வைத்து, "பேரப் படிம்மா, கேக்குறேன்" என்றார். நான் ஒவ்வொரு பெயராகப் படிக்க, "அது புட்டுக்குச் சுறா கேக்குற வூடு, இப்ப அரியாங்குப்பத்துல இருக்குது" என்பது போல வீடுவீடாகச் சொன்னார். இரண்டு நாள் வியாபாரத்தை விட்டு எங்களுடன் பேருந்தில் வந்து கதவுகளையும் காட்டினார்; பேருந்துக் கட்டணத்தைக்கூட எங்களைக் கொடுக்க விடவில்லை. அந்தத் தாய்மார்களில் பலர் இன்றும் இதே தெரு விடுதிகளுக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள் என்பதும், பிள்ளைகளைக் கூடவே அழைத்து வரலாம் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. 12 பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இப்போது 34 பேர் படிக்கிறார்கள்.

இனி ஆண்டுதோறும் சேர்க்கைக்கு முன், மே மாதத்திலேயே அந்த வீடுகளுக்கெல்லாம் குழுவினர் நேரில் செல்வோம் என்று உறுதி கூறுகிறேன். அந்த அம்மா எழுத்துப் படித்தவர் அல்லர். நாளைக் காலை அவர் கூடையை இறக்கும் நேரத்தில் இம்மடலை நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன்.