ஒரு மனிதரைக் கேட்கச் சொல்லுங்கள்: பதிப்புரிமைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

உங்கள் தளத்தின் பதிப்புரிமைப் பிரிவில் பணிபுரிவோருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில், படிவங்கள் வழியாக எழுதிய எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதை ஒரு மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை. உங்கள் பிரிவில் தமிழர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பதிப்புரிமை தீர்ந்துபோன பழைய இயற்கை நூல்களை வாய்விட்டு வாசித்து, ஒலிநூலாக்கி, காசு வாங்காமல் தருகிறோம். அமெரிக்க எழுத்தாளர் தோரோ மெயின் மாநிலக் காடுகளைப் பற்றி எழுதியது, மேரி ஆஸ்டின் 1903-இல் எழுதிய கலிபோர்னியப் பாலைநிலம், எல்லாவற்றுக்கும் மேலாக மலைகளையும் காடுகளையும் எழுதிய ஜான் மியூர். உங்கள் தளத்திலிருந்து நீக்கப்பட்டிருப்பதும் மியூர்தான். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளைப் பற்றி அவர் எழுதி 1894-இல் வெளிவந்த நூலில், காட்டில் அடித்த பெருங்காற்றைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. 1874 டிசம்பரில், காற்று மரங்களை வேரோடு சாய்த்துக்கொண்டிருந்தபோது, சுமார் 100 அடி உயர மரத்தின் உச்சியில் ஏறி மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்ததை அதில் விவரிக்கிறார். இந்த அத்தியாயத்தின் ஒலிப்பதிவு வேறொருவருக்குச் சொந்தம் என்று சொல்லி எடுத்துவிட்டீர்கள்.

யாருக்குச் சொந்தம்? மியூர் 1914-இல் இறந்துபோனார். நூல் வந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த எழுத்துக்கு இன்று தனி உரிமையாளர் கிடையாது. குரல் எங்கள் வாசிப்பாளருடையது. அந்தக் குரல்பதிவையும் அவர் எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதை எடுத்து, அடியில் கொஞ்சம் பியானோ இசையைச் சேர்த்து, இசைக் கடைகளில் விற்பனைக்கு வைத்த ஒரு விற்பனையாளர், உங்கள் ஒலி ஒப்பீட்டு இயந்திரத்திலும் அதைத் தன் சொத்தாகப் பதிந்துகொண்டார். இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டது. அசலை நகல் என்று முடிவு கட்டியது.

விற்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. பொதுவில் விட்ட பொருளை யாரும் எடுக்கலாம், விற்கலாம், அதற்குச் சம்மதித்துத்தான் வாசிக்கிறோம். அதை எடுத்தவர் மற்றவர்களுக்குக் கதவை அடைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அந்த வாசிப்பாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற செவிலியர். தனியாக வசிக்கிறார். விடிவதற்கு முன்பு, குப்பை லாரிகள் வருவதற்குள், குளிர்பெட்டியை அணைத்துவிட்டு, துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்வார். துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும், அதற்காக. மியூரின் வாக்கியங்கள் நீளமானவை. நடுவில் மூச்சு வாங்கினால் பொருள் அறுந்துவிடும், அதனால் எங்கே மூச்சு எடுக்கலாம் என்று முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொள்வார். மரங்களின் லத்தீன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகுவார். அப்புறம் குழுவில் இன்னொருவர் அச்சு நூலைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்பார். ஒரு சொல் விட்டுப்போயிருந்தாலும் திருப்பி அனுப்புவார். அதைத் திருத்திப் பதிந்த பிறகுதான் வெளியே போகும். இத்தனைக்கும் ஒரு காசு அவர் கைக்கு வந்ததில்லை, கேட்டதும் இல்லை.

நீங்கள் எடுத்ததும் அவர் மறுப்புத் தெரிவித்தார். அந்த மறுப்பு யாரிடம் போனது? கோரிக்கை வைத்த விற்பனையாளரிடமே. முடிவு சொல்ல அவருக்கு 30 நாள் அவகாசம். தன் கோரிக்கை சரி என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அடுத்த படி, சட்டப்படியான எதிர் அறிவிப்பு. அதில் முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தர வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுவதாக ஒப்புதலும் தர வேண்டும். இந்த விவரங்கள் அத்தனையும் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும். ஒருவருடைய தொல்லை தாங்காமல் வீடு மாறி வந்தவர் எங்கள் வாசிப்பாளர். முகம் தெரியாத ஆளுக்கு முகவரி கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பதிவு போனது போனதுதான். அதன் பிறகு அவர் எதையும் வாசிக்கவில்லை.

தன் குரல் தன்னுடையது என்று காட்டுவதற்கு ஒரு பெண் தன் வீட்டு வாசலை அந்நியருக்குக் காட்ட வேண்டுமா?

சட்டம் அப்படித்தான் கேட்கிறது என்பீர்கள். சரி, கேட்கிறது. ஆனால் விஷயம் அந்தப் படி வரை போயிருக்கவே வேண்டாம். முதல் மறுப்பு வந்த அன்றே உங்களில் ஒருவர் இரண்டு பதிவுகளையும் சில நிமிடம் கேட்டு, எது முதலில் வெளியானது என்று தேதியைப் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதைத்தான் கேட்கிறோம். ஒரு மனிதரைக் கேட்கச் சொல்லுங்கள்.

சட்டத்தை நாங்கள் எவ்வளவு பொறுமையாக மதிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை 20 ஆண்டு நீட்டியது. பழைய நூல்கள் ஆண்டுதோறும் பொதுவுக்கு வருவது நின்று, 2019 ஜனவரியில்தான் மறுபடி தொடங்கியது. காத்திருந்தோம். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடி, அதைப் பற்றி எழுதிய ஜிம் கார்பெட் 1955-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்ததால், அவர் நூல்கள் அங்கே 2016-இலேயே விடுபட்டுவிட்டன. ஆனால் வட இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதிப் புலிகளைப் பற்றி அவர் 1944-இல் வெளியிட்ட நூலை அமெரிக்காவில் 2040 வரை தொட முடியாது. எங்கள் குழுவில் அதை வாசிக்கத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம்கூடப் பதிவேற்றியதில்லை. பெரிய நிறுவனங்களுக்காக நீட்டப்பட்ட காலத்தை நாங்கள் இப்படி மதிக்கிறோம். அந்தக் காலம் முடிந்து மக்களுக்கு வந்து சேர்ந்த நூலை, வெறும் ஒரு பதிவுப் படிவத்தால் ஒருவர் மறுபடி அடைத்துக்கொள்ள நீங்கள் விடுகிறீர்கள். உரிமை உண்டு என்பவருக்கு உங்களிடம் இயந்திரமே இருக்கிறது. இது எல்லாருக்கும் பொது என்று சொல்பவருக்கு ஒரு பொத்தான்கூட இல்லை. கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இந்தப் பதிவுகளைக் கேட்பவர்களில் பலர் பார்வையற்றவர்கள். மியூரும் அந்த இருட்டை அறிந்தவர். 1867-இல் இண்டியானாபொலிஸ் தொழிற்சாலை ஒன்றில் அரத்தின் முனை வலது கண்ணில் குத்தி, இரண்டு கண்ணிலும் பார்வை இழந்து, வாரக்கணக்கில் இருண்ட அறையில் கிடந்தார். பார்வை திரும்பிய பிறகுதான் இயந்திர வேலையை உதறிவிட்டு, காடுகள் வழியாக மெக்சிகோ வளைகுடா வரை நடந்தார். அந்த மனிதரின் எழுத்தை, கண் தெரியாதவர்களும் கேட்கட்டும் என்று ஒருவர் வாசித்து வைத்தார். அதைத்தான் எடுத்துவிட்டீர்கள்.

உங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது புரிகிறது. ஒவ்வொரு பதிவையும் கேட்கச் சொல்லவில்லை. பதிப்புரிமை தீர்ந்த நூல் என்று சொல்லி, வெளியான ஆண்டையும் காட்டி ஒருவர் மறுக்கும்போது, அந்த மறுப்பைக் கோரிக்கை வைத்தவரிடமே திருப்பி அனுப்பாதீர்கள். உங்களில் ஒரு மனிதர் கேட்டு முடிவு சொல்லட்டும். அந்தக் குரல்பதிவு தன்னுடையது என்பதற்கு ஆதாரம் தரும் பொறுப்பு, உரிமை கோருபவருக்கே இருக்கட்டும். பொதுவில் விடப்பட்ட பதிவை ஒப்பீட்டு இயந்திரத்தில் தன் சொத்தாகப் பதிபவரின் பதிவை ரத்து செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தச் செவிலியரின் பதிவை, அவரிடம் முகவரி கேட்காமல், திரும்ப வெளியிடுங்கள். பதிலை எதிர்பார்க்கிறோம். அதை ஒரு மனிதர் எழுதுவாரானால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தன்னார்வ வாசிப்பாளர்களில் ஒருவர்