கட்டை வேஷத்துக்கு முழு இரவு கொடுங்கள்

திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கம் கூத்து இன்னும் நடக்கிறதென்றால், வீட்டுக்கு வீடு வரி வாங்கி, வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்து ஜமாவை (ஆடும் குழுவை) அழைக்கிற உங்களால்தான். விருதும் அரசு விழாவும் அப்புறம். அதனால் இதையும் உங்களிடமே கேட்கிறேன்.

"பன்னிரண்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க" என்று சொல்லித்தான் இப்போது பல ஊர்களில் தேதி கொடுக்கிறீர்கள். ஜமாவை நடத்தும் வாத்தியார் என்ன செய்வார்? கோமாளியாக வரும் கட்டியங்காரன் வேடிக்கையைக் குறைத்தால் கூட்டம் எழுந்துவிடும். சண்டையைத் தொட முடியாது. கடைசியில் கத்தரி விழுவது, மரக்கட்டை அணிகள் கட்டி வரும் ராஜா வேஷமான கட்டை வேஷத்தின் திரை வரவில்தான், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து அது முதலில் வெளிவரும் காட்சியில்தான்.

அந்த வேஷம் எப்படிக் கட்டப்படுகிறது என்று ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியவை. எடை குறைந்த மரம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே வண்ணக் காகிதமும் பொடிக் கண்ணாடித் துண்டுகளும் பதித்திருக்கும். கைக்கண்ணாடியைப் பார்த்துத் தானே முகத்துக்குச் சிவப்பு பூசிய துரியோதனன், தலையில் துணியைச் சுற்றி, அதன்மேல் கிரீடத்தை ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார். லேசான மரம்தான், ஆனால் கிறிக்கி அடித்துச் சுழலும்போது அசையக் கூடாதே! விடியும்வரை அந்த இறுக்கம்தான்.

இவ்வளவும் கட்டிக்கொண்டு வருபவரை இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நிறுத்தி, பாட வைத்து, சலங்கையை மட்டும் கேட்கவிட்டு, கிரீடத்தின் நுனியைக் காட்டி, பிறகு மெல்லத் திரையை விலக்குவதுதான் கூத்து. பத்து நிமிடத்தில் ஓடிவந்து நிற்கச் சொன்னால் ராஜா எங்கிருந்து வருவார்?

இது வெறும் பொழுதுபோக்கு என்றால் நானும் விட்டுவிடுவேன். பாரதத்தின் பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்த காலையில், படுகளத்தில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்தின் பக்கத்துக்கு அதே வேஷக்காரர்கள்தான் வருகிறார்கள். பீமன் தொடையில் அடித்த பிறகுதான் அம்மன் கூந்தல் முடிகிறாள். படுகளத்துக்கு வேஷம் வேண்டும், முந்தின ராத்திரி மட்டும் வேண்டாமா?

இன்னொன்று. வேஷம் கட்ட ஒரு இடம், நல்ல விளக்கு, கட்டைகளை ஈரம் படாமல் வைக்க ஒரு பலகை. பந்தல் செலவில் இது ஒரு மூலைக்குக்கூட வராது. ஆடுகிறவர் கண்ணுக்கு நேராக வெள்ளை ஃபோக்கஸ் லைட் போடாதீர்கள். சுழலும்போது அந்தக் கண்ணாடித் துண்டுகள் மின்னுவதே தெரிவதில்லை.

கல்யாண முருங்கையும் குறைந்துவிட்டது. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் இலையில் முடிச்சுப் போடும் சின்னக் குளவி பரவி நிறைய மரங்கள் போயின. வேலியோரம் போத்து (வெட்டிய கிளை) நட்டாலே துளிர்க்கிற மரம் அது. கோயில் நிலத்தில் நாலைந்து நட்டு வையுங்கள், கட்டை செதுக்குகிறவர்களுக்கு உதவும்.

வரும் பங்குனியில் அட்வான்ஸ் கொடுக்கும்போதே "விடியும்வரை" என்று பேசிவிடுங்கள். கூலியையும் அதற்கேற்ற மாதிரி கூட்டிக் கொடுங்கள். அதே ராத்திரியில் பாட்டுக் கச்சேரி இருந்தால் அதை வேறு ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
பாய் விரித்து முன்வரிசையில் உட்காரும் ஒருவன்