ஊதாரி யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யூரோ நாடுகளின் கடன் நெருக்கடி பற்றிய உங்கள் சிறப்புக் கட்டுரையில், 'ஊதாரித்தனமாகச் செலவழித்த தென் ஐரோப்பிய நாடுகளை உழைப்பாளி ஜெர்மனி தூக்கி நிறுத்தியது' என்று ஒரு வரி. அடடா, விஷயம் இவ்வளவு சுலபமா! பிராங்க்ஃபர்ட்டில், ஐரோப்பிய மத்திய வங்கியில், மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு இது தெரியாமல் போய்விட்டதே.

கிரீஸ் கணக்கை மறைத்தது. அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. அதே நெருக்கடியில் சிக்கிய ஸ்பெயினும் அயர்லாந்தும் என்ன பாவம் செய்தன? 2007-இல் இரண்டுமே உபரி பட்ஜெட். அரசின் கடன், ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தியில்) அயர்லாந்துக்குச் சுமார் 25 சதவீதம், ஸ்பெயினுக்கு 36. ஜெர்மனிக்கோ 60-க்கு மேல். யூரோ நாடுகளுக்கான 3 சதவீத பட்ஜெட் பற்றாக்குறை வரம்பை மீறிவிட்டு, 2003-இல் தங்கள் மீதான நடவடிக்கையை நிறுத்திவைக்கச் செய்ததும் அதே ஜெர்மனியும் பிரான்ஸும்தான். உங்களுக்குத் தெரியாததா?

கோளாறு வட்டியில். 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி 2 சதவீதம். மந்தத்தில் கிடந்த ஜெர்மனிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. ஸ்பெயினில் விலைவாசி ஏற்றமே 3 சதவீதத்தை ஒட்டி. வீட்டுக்கடன் வாங்காதவன்தான் ஏமாளி. ஜெர்மன் சேமிப்பும் அங்கே போய்க் குவிந்தது. வீட்டு விலை சரிந்ததும், ஸ்பெயினின் பழைய நாணயமான பெசெட்டா இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியில் ஓரளவு எழுந்திருக்கலாம். யூரோவில் அந்த வழி அடைப்பு. சம்பளத்தைத்தான் வெட்ட வேண்டும். சம்பளம் குறையும், கடன் குறையாது. நொடித்த வங்கிகளைத் தாங்குவதும் அப்போது அந்தந்த அரசின் தலைவிதி. அப்படித் தாங்கிய அயர்லாந்தின் பற்றாக்குறை 2010-இல் ஜிடிபியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. வங்கி நொடித்தால் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் டெபாசிட் காப்பீட்டை யூரோ நாடுகளுக்குப் பொதுவாக்குவது 2015-இல் முன்மொழியப்பட்டதோடு சரி. 1 லட்சம் யூரோ என்ற காப்பீட்டு உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்று, அதற்குப் பணம் போடுவது மட்டும் நாட்டுக்கு நாடு தனித்தனி.

இது முதல் தடவையா என்ன? ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க யூரோதான் என்று முன்பு எழுதினீர்கள். டென்மார்க், ஸ்வீடன், போலந்து எங்கே போயின? 'ஏடிஎம் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் சரி என்று அழுத்துங்கள்' என்ற சுற்றுலா அறிவுரை வேறு. அழுத்தினால் மாற்று விகிதத்தை ஏடிஎம்காரனே தன் லாபத்தையும் சேர்த்துப் போடுவான். யூரோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதே எழுதிப் போட்டேன். தங்கள் குப்பைக்கூடைக்குப் பயன்பட்டிருக்கும்.

கட்டுரையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. பெட்டிச் செய்தியில் 1 யூரோ = 1.95583 பிரெஞ்சு பிராங்க் என்று போட்டிருக்கிறீர்கள். அது ஜெர்மன் மார்க். பிரெஞ்சு பிராங்க் 6.55957. அதையாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்