லிசே மைட்னருக்கு ஒரு வரி: ஸ்வீடன் அறிவியல் அகாடமிக்குத் திறந்த மடல்

ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமியின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் மகள் ஒரு வினாடி வினாவுக்குப் போயிருந்தாள். அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேள்வி. அவள் மூன்று பேரைச் சொன்னாள்: ஓட்டோ ஹான், லிசே மைட்னர், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன். தப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டோ ஹான் என்று ஒரே பெயர்தான் விடையாம். அவள் விடாமல் கேட்டதும், நடத்தியவர் போனை எடுத்து 1944-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைக் காட்டியிருக்கிறார். "நோபல் கமிட்டிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியில் என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காட்டியது, அந்தப் பரிசைக் கொடுக்கிற உங்கள் பட்டியல். அதில் ஹான் ஒருவர் பெயர்தான் இருக்கிறது, "கன அணுக்கருக்களின் பிளவைக் கண்டுபிடித்ததற்காக" என்ற குறிப்போடு. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, காகிதங்கள் எல்லாம் உங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வியன்னாவில் பிறந்த மைட்னர் 1907-இல் பெர்லினுக்கு வந்தார். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று இருந்த வேதியியல் கூடத்தில், கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. கழிப்பறைக்குத் தெருவில் இருந்த உணவு விடுதிக்குப் போக வேண்டும். அங்கே தொடங்கி முப்பது வருடம் ஹானும் அவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியை 1934-இல் தொடங்கலாம் என்று ஹானை இழுத்ததே மைட்னர்தான். அந்தக் குழுவின் அறிவுத் தலைமை அவர்தான் என்று பின்னாளில் சொன்னது யார் தெரியுமா? கூடவே வேலை செய்த ஸ்ட்ராஸ்மன்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். யூதக் குடும்பத்தில் பிறந்த மைட்னரின் ஆஸ்திரியக் கடவுச்சீட்டு ஒரே நாளில் வெற்றுக் காகிதம் ஆனது. ஜூலை 13 அன்று இரண்டு சின்னப் பெட்டிகளோடு, பையில் பத்து மார்க் பணத்தோடு ரயிலேறி எல்லை தாண்டினார். அவசரத்துக்கு உதவட்டும் என்று ஹான் தன் அம்மாவின் வைர மோதிரத்தைக் கொடுத்தனுப்பினார். இதையும் சொல்லத்தான் வேண்டும், ஹான் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை.

அப்புறம்தான் அவர் உங்கள் ஊருக்கு வந்தார். நான் உங்களிடம் பேச வந்தது முக்கியமாக இந்த இடத்தைப் பற்றித்தான்.

ஸ்டாக்ஹோமில் மன்னே சீக்பான் நடத்திய இயற்பியல் நிறுவனத்தில் அவருக்கு ஒரு அறை கிடைத்தது. வயது 59. ஜெர்மனியில் இயற்பியல் பேராசிரியரான முதல் பெண், ஒரு துறையையே தலைமை தாங்கி நடத்தியவர். இங்கே உதவியாளர் இல்லை, கருவிகள் இல்லை, சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆய்வகத்துக்கும் பட்டறைக்கும் சொந்தமாக ஒரு சாவிகூட அவரிடம் கொடுக்கவில்லை.

சாவி சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ஒரு ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவள். அங்கே ஆண்கள் எல்லோரிடமும் சாவி இருக்கும், என்னிடம் மட்டும் இருக்காது. காலையில் எட்டரைக்கே போய், டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர் பத்து மணிக்கும் வருவார், பதினொன்றுக்கும் வருவார். கதவைத் திறந்துவிட்டு "ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சிரித்துச் சிரித்தே நான் ஏழு வருடம் ஓட்டினேன். உன்னை நம்பி ஒரு கதவை விடமாட்டோம் என்பதைச் சத்தம் போடாமல் சொல்கிற வழி அது. மைட்னரிடம் அதைச் சொன்னது உங்கள் நகரம். அவர் அங்கிருந்து எழுதிய கடிதங்களில் அந்த வலி இருக்கிறது.

அந்த நிலையில் இருந்தவரிடம்தான் ஹான் விளக்கம் கேட்டு எழுதினார். 1938 டிசம்பரில் அவரும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தைத் தாக்கிப் பார்த்தபோது கிடைத்தது ரேடியம் மாதிரித் தெரியவில்லை, யுரேனியத்தைவிட எவ்வளவோ லேசான பேரியமாக இருந்தது. வேதியியல் வேலை அற்புதமான வேலை, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இதுவரை அணுக்கரு இயற்பியலில் கண்ட எல்லாவற்றுக்கும் இது முரணாக இருக்கிறதே என்று அவர்களே தங்கள் கட்டுரையில் தயங்கி எழுதியிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் நேரம். ஸ்வீடனில் குங்கெல்வ் என்ற சிற்றூர். மைட்னரும் அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும் பனியில் நடக்கிறார்கள், ஃபிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளில், அத்தனை வயதில் சித்தி வெறும் காலணியோடு அவருக்கு ஈடு கொடுத்துக்கொண்டு. ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்து, கையில் இருந்த துண்டுக் காகிதங்களில் கணக்குப் போட்டார்கள். யுரேனியக் கரு ஒரு நீர்த்துளி மாதிரி இழுபட்டு, நடுவில் சிறுத்து இரண்டாகிறது. யுரேனியக் கருவில் இருக்கும் 92 புரோட்டானில் பேரியத்தின் 56 போனால் மிச்சம் 36, அது கிரிப்டான். இரண்டு துண்டும் ஒன்றையொன்று விலக்கித் தெறிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். அது எங்கிருந்து வருகிறது? துண்டுகளின் நிறை புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று மைட்னர் நினைவில் இருந்த சூத்திரத்தை வைத்தே கணக்கிட்டார். குறைந்த நிறை எவ்வளவு ஆற்றலாகும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் அதைப் போட்டால் அதே 20 கோடி வந்து நிற்கிறது. 1939 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த இவர்களுடைய கடிதத்தில்தான் இதற்குப் பிளவு என்ற பெயரே வந்தது. இந்த விளக்கம் இல்லாமல் கண்டுபிடிப்பு எங்கே முழுமையாகிறது, ஐயா?

நாஜி நாட்டில் இருந்துகொண்டு, ஓடிப்போன ஒரு யூதப் பெண்ணின் பெயரைக் கட்டுரையில் ஹான் போட முடியாது. புரிகிறது. ஆனால் 1945-இல் போர் முடிந்துவிட்டது. பெயர் சொன்னால் யாரும் யாரையும் பிடித்துப்போகமாட்டார்கள். அப்போதுதான் உங்கள் அகாடமி அந்தப் பரிசை ஹானுக்கு மட்டும் என்று முடிவு செய்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்று உங்கள் வேதியியல் குழுவே சொல்லியும், அகாடமியில் வாக்கெடுத்துத் தள்ளிவிட்டீர்கள். அதே 1945-இல் மைட்னரை அகாடமியின் வெளிநாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டீர்கள். உறுப்பினராக இருக்கத் தகுதி உண்டு, பரிசுக்கு இல்லை. இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய 50 தடவை அவர் பெயர் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. 1968 அக்டோபரில் கேம்பிரிட்ஜில் இறக்கும்வரை உங்களுக்கு 23 வருடம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமாட்டேன். அணுகுண்டுத் திட்டத்துக்கு வரச்சொல்லி 1943-இல் அவரைக் கேட்டார்கள். குண்டோடு எனக்கு ஒரு சம்பந்தமும் வேண்டாம் என்று மறுத்தார். ஹிரோஷிமாவுக்கு அப்புறம் அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைத்தான் "குண்டின் தாய்" என்று எழுதின. செய்யாத குண்டுக்கு அவர் பெயர் வேண்டியிருந்தது, செய்த கண்டுபிடிப்புக்கு வேண்டியிருக்கவில்லை. பெண்கள் வேலை செய்கிற எல்லா இடத்திலும் நான் பார்த்தது இதுதான், பழி வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பாராட்டு வந்தால் "எங்கள் டீம்" என்பார்கள். மியூனிக் அருங்காட்சியகத்தில் அந்தச் சோதனைக் கருவிகளை ஒரு மேசையில் வைத்து, பல வருடங்கள் அதை ஹானின் மேசை என்றே காட்டிவந்தார்கள். அந்தக் கருவிகளில் பல மைட்னரின் இயற்பியல் பிரிவில் இருந்து வந்தவை. ஆனாலும் அவர்கள் பிறகு அந்தப் பலகையை மாற்றினார்கள். மாற்ற முடிகிறது, பாருங்கள்.

கோபத்தில் நீளமாகப் போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். இறந்தவருக்குப் பரிசு கொடுங்கள் என்று கேட்கவில்லை, விதி தெரியும். ஹானின் பரிசைத் திரும்ப வாங்குங்கள் என்றும் கேட்கவில்லை. 1944-ஆம் ஆண்டுப் பரிசில் லிசே மைட்னரை விட்டது தவறு என்று அகாடமி தன் பெயரில், எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த வரி எங்கோ ஒரு தனிக் கட்டுரையில் இருந்தால் போதாது, பரிசுக் குறிப்புக்கு நேர் கீழே, போனை எடுத்துக் காட்டுகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். 109-ஆம் தனிமத்துக்கே மைட்னீரியம் என்று அவர் பெயரை உலகம் வைத்திருக்கிறது. உங்கள் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான்.

தயவுசெய்து இதை உங்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் சரி, நான் படித்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் என் மகளுக்கு இன்னொரு போட்டி இருக்கிறது. அதே கேள்வி வந்தால் அதே மூன்று பெயரைத்தான் சொல்லப்போவதாக இப்போதே சொல்லிவிட்டாள்.

மரியாதையுடன்,
ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா